சோப்பா, எண்ணெயா, லாக்கரா? ஸ்காண்டிநேவிய வெள்ளை வீடு: தரையிலிருந்து ஓர் ஒப்பீடு

டிசம்பர் 21 அன்று ஸ்டாக்ஹோமில் நண்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து ஏழு பாகைக்குச் சற்றுமேல்தான் ஏறும். பகல் ஆறு மணி நேரம். கோபன்ஹேகனில் அதைவிட ஒரு மணி நேரம் கூடுதல், சூரியன் 11 பாகை. அந்த ஊர்களில் வீட்டுக்கு வெள்ளை அடிப்பதை வெறும் அலங்காரம் என்று சொல்லிவிட முடியாது. வருகிற சொற்ப வெளிச்சத்தை வீணாக்காமல் அறையின் கடைசி மூலை வரை கடத்துகிற வேலை அது. அதனால்தான் எந்த வெள்ளை, எந்தப் பூச்சு, எந்தத் தரை என்று அங்கே இவ்வளவு சண்டை.

பெரும்பாலோர் சுவர் நிறத்தில் தொடங்கித் தரைக்கு வருகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்வதே சரி. மூட்டமான நாளில் ஜன்னல் வழியே வரும் வானவெளிச்சம் முதலில் விழுவது தரைமேல். அங்கிருந்து எகிறித்தான் சுவரின் கீழ்ப்பாதிக்கும் கூரைக்கும் போகிறது. பழுத்து மஞ்சளேறிய பைன் தரை இருந்தால், அதன்மேல் நிற்கும் சுவருக்கு எந்த வெள்ளை அடித்தாலும் அது ஆரஞ்சு சாயலோடுதான் தெரியும். தரையை இழைத்தால் தூசி பறக்கும் என்பது இன்னொரு காரணம். புதுச் சுவருக்குப் பக்கத்தில் அந்த வேலையை யாரும் செய்ய மாட்டார்கள்.

தரை: மூன்று வழிகள்

பைன், ஸ்ப்ரூஸ், டக்ளஸ் ஃபர் மூன்றும் மென்மரங்கள். வெயில் படப்பட மஞ்சளாகும். அந்த மஞ்சளைத் தடுக்க டென்மார்க்கில் பழகிவந்த முறை, இழைத்த மரத்தில் முதலில் வெள்ளை நிறமி கலந்த காரக் கரைசல் பூசி அதன்மேல் சோப்பு ஏற்றுவது. காரம் பூசியபின் சோப்புக்குப் பதிலாக வெள்ளை நிறமி கலந்த எண்ணெயும் ஏற்றலாம். மூன்றாவது வழி, வெள்ளை கலந்த லாக்கர், அதாவது தண்ணீர் அடிப்படையிலான வார்னிஷ்.

முதல் இரண்டுக்கும் அடித்தள வேலை ஒன்றுதான். 60, 100, 120 என்று வரிசையாக உப்புத்தாளை மாற்றி இழைக்க வேண்டும். அவசரப்பட்டு 60-லிருந்து 120-க்குத் தாவினால் வட்ட வட்டக் கீறல் தங்கிவிடும். காரம் பூசியதும் அது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். தூசியை உறிஞ்சி எடுத்தபின் காரக் கரைசலை நன்றாகக் கலக்கி, நைலான் பிரஷால் மரநரம்பின் போக்கிலேயே பூசுங்கள். டப்பாவை அடிக்கடி கலக்காவிட்டால் வெள்ளை நிறமி அடியில் தங்கி, அறையின் ஒரு பாதி வெளுப்பாகவும் மறுபாதி மங்கலாகவும் முடியும். லிட்டருக்கு 8 முதல் 10 சதுர மீட்டர் வரை வரும். ஒரு பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நிறுத்தாமல் போய்விட வேண்டும். நடுவில் நின்ற இடம் கோடாகத் தெரியும். இது சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த சரக்கு என்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஓர் இரவு காய்ந்தபின் மேலே படிந்த வெள்ளைப் பொடியைத் தேய்த்து எடுத்துவிடலாம்.

ஓக் தரைக்கு மட்டும் இந்தக் கரைசல் கூடாது. ஓக் மரத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. காரம் பட்டதும் அது பழுப்பாகிவிடும். ஓக்குக்கென்று தனிக் கரைசல் விற்கிறார்கள். அதே டானின் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும் என்பதால் ஓக்கில் இரும்பு நாரும் வேண்டாம்.

சோப்புத் தரைக்கு இதன்பிறகுதான் வேலை தொடங்குகிறது. வெண்சோப்புக் கரைசலைப் பராமரிப்புக்கு 5 லிட்டர் வெந்நீருக்கு 125 மில்லி என்று கலப்பார்கள். தொடக்கத்தில் இரண்டு மூன்று முறை அதைவிடக் கெட்டியாகக் கலந்து ஏற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் முழுக்கக் காயவிட்டு. சோப்பின் கொழுப்பு மரத்துளைகளில் போய் அமர்வதுதான் பாதுகாப்பு. ஆகவே முதல் மாதங்களில் தரை பலவீனமாக இருக்கும். துடைக்கத் துடைக்கத்தான் தேறும். ஈரம் அதிகமானால் மரநார் எழும்பிச் சொரசொரக்கும். கொழுப்பை வெட்டும் சாதாரணத் தரைத் திரவம் ஒரே தடவையில் ஆறு மாத உழைப்பைக் கழுவிவிடும். மைக்ரோஃபைபர் துணியும் கொஞ்சம் கொஞ்சமாக அதையேதான் செய்யும்.

ஊர்த் தண்ணீரும் இதில் பேசும். ஸ்டாக்ஹோமுக்கு மேலாரன் ஏரியின் மென்னீர் வருகிறது. கோபன்ஹேகன் பக்கம் சுண்ணாம்புப் பாறை ஊடாக வரும் நிலத்தடி நீர். கடின நீரில் சோப்பு கரையாமல் சுண்ணாம்புச் சோப்பாகத் திரிந்து சாம்பல் படலமாகப் படியும். "தரை அழுக்காகவே இருக்கிறது" என்று சொல்லி மேலும் சோப்பு ஊற்றுகிறவர்கள் படலத்தைத் தடிமனாக்குகிறார்கள், அவ்வளவுதான். இரண்டு வாளி வைத்துக்கொண்டு, அழுக்கை ஒன்றிலும் சோப்பை இன்னொன்றிலும் பிரித்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஒஸ்லோவிலும் கோபன்ஹேகனிலும் தமிழ் வீடுகள் நிறைய இருப்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சோப்புத் தரையில் மஞ்சள்தூள் சிந்தினால் சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைக்காதீர்கள். சோப்பு காரத்தன்மை உள்ளது. மஞ்சள் உடனே சிவக்கும். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் நடப்பதும் இதுவேதான். உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு வெயிலுக்கு விட்டால் மஞ்சள் நிறம் சில நாளில் வெளுத்துவிடும். டிசம்பரில் சிந்தினால் வெயிலுக்கு மார்ச் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

எண்ணெய்த் தரை சோப்பின் மாவு வெண்மையைத் தராது. ஒரு சாயல் வெதுவெதுப்பாக நிற்கும். ஆனால் தாங்கும். எண்ணெயைத் தேய்த்து ஏற்றி, மரம் குடிக்காமல் மேலே நின்றதை 15–30 நிமிடத்துக்குள் துடைத்து எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் அங்கங்கே பிசுபிசுத்துப் பளபளக்கும், வெள்ளை நிறமி தேங்கித் திட்டாகும். கறை பட்ட இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி எண்ணெய் போடலாம் என்பது இதன் பெரிய வசதி. துடைத்த கந்தல்களைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள்: உலரும் எண்ணெய் தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி வையுங்கள்.

லாக்கர் மூன்றிலும் சோம்பேறிக்கு ஏற்றது, முதல் ஐந்து வருடத்துக்கு. வெள்ளை கலந்த கோட்டுக்கு மேல் நிறமற்ற கோட்டு என்று இரண்டு மூன்று கோட்டில் வேலை முடிந்தது. ஈரத்துணியால் கவலையில்லாமல் துடைக்கலாம். பிறகு வாசற்படியிலும் சாப்பாட்டு மேசை அடியிலும் வெள்ளை தேய்ந்து மஞ்சள் மரம் எட்டிப்பார்க்கும். அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட முடியாது; முழு அறையையும் இழைக்க வேண்டும். பழைய பலகைத் தரைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஹீட்டர் ஓடும் குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஈரப்பதம் 20–30 விழுக்காட்டுக்கு இறங்கி மரம் சுருங்கும். சாதாரணமாக ஒவ்வொரு பலகைக்கும் இடையில் மெல்லிய இடைவெளி விடும். லாக்கர் இடுக்குகளில் இறங்கிப் பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டிவிட்டால் நாலைந்து பலகை ஒரே பாளமாக நகர்ந்து, ஓரிடத்தில் மட்டும் விரல்நுனி போகிற அளவுக்கு வாய் பிளக்கும்.

குழந்தையும் சமையலும் உள்ள வீட்டுக்கு எண்ணெய். ஒட்டுப்பலகைத் தரையுள்ள வாடகை வீட்டுக்கு லாக்கர். சோப்பு, தரை துடைப்பதை வாராந்திர வழக்கமாக வைத்திருப்பவர்களுக்கு மட்டும். அவர்களுக்கு அதைவிட அழகான தரை கிடையாது.

சுவர்: வெள்ளைக்குள் மூன்று வெள்ளை

ஸ்வீடனில் பெயின்ட் கடைக்குப் போனால் பேச்சு என்சிஎஸ் எண்ணில்தான் நடக்கும்; நிறங்களுக்கு எண் கொடுக்கும் ஸ்வீடன் முறை அது. எஸ் 0502-ஒய் என்றால் கறுப்புக் கலப்பு 05, நிறச்செறிவு 02, சாயல் மஞ்சள். இந்த நிறத்துக்கு "ஸ்டாக்ஹோம் வெள்ளை" என்றே பெயர். இதற்குப் போட்டி இரண்டு: சாயலே இல்லாத எஸ் 0500-என், சாம்பலும் பழுப்பும் கலந்த எஸ் 1502-ஒய்50ஆர் போன்ற மணல் நிறங்கள்.

படத்தில் பார்க்க எஸ் 0500-என் தான் தூய்மை. வடக்கு பார்த்த அறையில் அதை அடித்துப் பாருங்கள். அங்கே நேர்வெயில் வராது, வானத்தின் நீல வெளிச்சம் மட்டும் வரும். சுவர் நீலம் பாய்ந்த சாம்பலாக, ஆஸ்பத்திரி நடைபாதை போல நிற்கும். 02 அளவு மஞ்சள் அந்த நீலத்தை ஈடுகட்டிவிடுகிறது. எஸ் 0502-ஒய் நிலைத்ததன் ரகசியம் இவ்வளவுதான். தெற்கு, மேற்கு பார்த்த அறையில் 0500-என் நன்றாகவே இருக்கும்.

மணல் நிறம் இப்போது ஓடுகிற ஃபேஷன். கணக்கைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். கறுப்புக் கலப்பு 05 உள்ள வெள்ளை, விழும் ஒளியில் சுமார் 85 விழுக்காட்டைத் திருப்பும். 15 உள்ளது சுமார் 67. வித்தியாசம் சிறிதாகத் தோன்றும். ஆனால் ஜன்னலுக்கு எதிர்மூலையைச் சேரும் ஒளி மூன்று முறையாவது எகிறி வருகிறது. 85-ஐ மூன்று முறை பெருக்கினால் 61 விழுக்காடு மிஞ்சும். 67-ஐப் பெருக்கினால் 30. பாதி வெளிச்சம் போய்விட்டது. ஆகவே மணல் நிறம் வேண்டுமானால் ஜன்னல் இருக்கும் சுவருக்கு அடிக்காதீர்கள். கண் கூசும் ஜன்னலைச் சுற்றி அந்தச் சுவர் ஏற்கெனவே இருட்டாகத் தெரியும்; இன்னும் இருண்டால் கூச்சம் அதிகரிக்கும். ஜன்னலுக்கு எதிரே உள்ள ஒரு சுவருக்கோ படுக்கையறைக்கோ வைத்துக்கொள்ளுங்கள். பெயரில் 'ஆர்' உள்ள நிறத்தில் சிவப்பு ஒளிந்திருக்கிறது. மாலை விளக்கில் அது இளஞ்சிவப்பாகக் கிளம்பும். ஏ4 அளவு அட்டையில் இரண்டு கோட்டு அடித்து, அதைச் சுவர்களில் நிறுத்திக் காலையிலும் மாலை விளக்கிலும் பார்த்தபின் டின் வாங்குங்கள். அட்டையைப் பழைய சுவர் நிறத்துக்கு நேராக வைத்துப் பார்த்தால் கண் ஏமாறும். பின்னால் ஒரு பெரிய வெள்ளைத்தாள் வேண்டும்.

இத்தனைக்கும் 'பாரம்பரிய ஸ்வீடன் வீடு வெள்ளை' என்பது முழு உண்மையில்லை. சுன்ட்போர்னில் ஓவியர் கார்ல் லார்ஷனும் அவர் மனைவி கரினும் வாழ்ந்த வீடு சிவப்பும் பச்சையுமாக நிறைந்திருக்கிறது.

நிறத்தைவிட அதிகம் கெடுப்பது பளபளப்பு. சூரியன் ஏழு பாகையில் நின்றால், 2.2 மீட்டர் உயர ஜன்னல் மேல்விளிம்பு வழியே வரும் கதிர், எதிர்க் கட்டடம் மறைக்காத வரை, 17 மீட்டருக்கு மேல் போகும். அதாவது அறை முழுவதையும் தாண்டி, பக்கச் சுவர்களை உரசியபடி செல்லும். பளபளப்பு எண் (பூஜ்யம் என்றால் மினுக்கமே இல்லை, 100 என்றால் முழுப் பளபளப்பு) 20 உள்ள பெயின்டில் அந்த உரசல் வெளிச்சம் பட்டால் ஒவ்வொரு ரோலர் தடமும், பட்டி பார்த்த ஒவ்வொரு மேடும் தெரியும். சுவருக்கு 5–7, கூரைக்கு 2–3 போதும். சமையலறைக்குத்தான் 20. பளபளப்புக் குறைந்த பெயின்டின் குறை, தேய்த்துக் கழுவினால் அந்த இடம் மட்டும் மினுங்கும் என்பது. அடிக்கும்போது அரைகுறையாகக் காய்ந்த இடத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது. ஒரு சுவரை ஒரே மூச்சில் முடித்து, கடைசி உருட்டலை எல்லாம் ஒரே திசையில் இழுக்க வேண்டும்.

கதவு, ஜன்னல் சட்டங்களுக்கு ஆளிவிதை எண்ணெய்ப் பெயின்டா, அக்ரிலிக்கா? பழைய வீட்டு மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் ஒட்டும், உரியாது. ஆனால் மிக மெல்லிய கோட்டாக அடிக்க வேண்டும், தடித்தால் மேலே சுருக்கம் விழும். ஒரு கோட்டு காய ஒரு நாளுக்கு மேல் ஆகும். வெளிச்சம் படாத இடத்தில் அது மஞ்சளாகும்; அலமாரியை நகர்த்தினால் பின்னால் வெண்ணெய் நிறத்தில் ஒரு செவ்வகம் காத்திருக்கும். வெளிச்சம் பட்டால் மறுபடி வெளுக்கும். உள்வேலைக்கு அக்ரிலிக் மஞ்சளாவதில்லை, இரண்டு மணி நேரத்தில் தொடக் காய்ந்துவிடும். வெள்ளை வீட்டின் உள்பக்கத்துக்கு அக்ரிலிக், வெளிச்சட்டத்துக்கு ஆளிவிதை எண்ணெய் என்று பிரிப்பது நடைமுறைக்கு நல்லது.

விளக்கும் திரையும்

இதில் பெரிய போட்டி இல்லை. குளிர்ந்த வெள்ளை ஒளி தரும் 4000 கெல்வின் பல்பு போட்டால் ஸ்டாக்ஹோம் வெள்ளையின் மஞ்சள் சாயலை நீங்களே அழித்துவிடுகிறீர்கள். வெதுவெதுப்பான மஞ்சள் ஒளி தரும் 2700 கெல்வின் பல்பு போதும்; நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்லும் எண் (சிஆர்ஐ) 90-க்கு மேல் இருக்கட்டும். கூரை நடுவில் ஒன்றுக்குப் பதிலாக, மேசைமேல், சோபா ஓரம், ஜன்னல் திண்ணை என்று ஐந்தாறு சிறு விளக்குகள். டென்மார்க் வடிவமைப்பாளர் போல் ஹென்னிங்சன் 1958-இல் வடிவமைத்த பிஹெச் 5 போல பல்பை மறைக்கும் விளக்கென்றால் மேசைப் பலகைக்கு மேல் 60 சென்டிமீட்டரில் தொங்க வேண்டும். மேலே போனால் எதிரே இருப்பவர் கண்ணைக் குத்தும்.

திரைக்கு லினன் சுருங்கும். வெட்டுமுன் ஒருமுறை துவைத்துக் காயப்போடுங்கள், அல்லது நீளத்தில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக விடுங்கள். ரேடியேட்டர் ஜன்னலுக்குக் கீழே இருக்கும். திரை அதை மூடினால் சூடு கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவிலேயே நின்றுவிடும், ஆகவே திரையை அதன் இரு பக்கமும் ஒதுங்கி நிற்கும்படி தொங்கவிடுங்கள். கம்பி ஜன்னலைவிட இரு புறமும் 20 சென்டிமீட்டர் நீண்டிருந்தால் பகலில் கண்ணாடி முழுவதும் திறந்திருக்கும். மெல்லிய லினன் ஜூன் மாத இரவைத் தடுக்காது. பதினெட்டரை மணி நேரப் பகலில் தூங்க வேண்டுமானால் சட்டத்துக்குள் ஒட்டி இறங்கும் கெட்டி உருளைத் திரையும் சேர்த்து வாங்க வேண்டும். அதன் ஜன்னல் பக்கம் வெள்ளையாக இருக்கட்டும். கறுப்பாக இருந்தால் விடியற்காலை வெயிலில் கண்ணாடி ஓரம் அடுப்பாகக் கொதிக்கும்.