உப்புவெளி பயோ வகுப்பு: மகளை விடப் போன அம்மாவின்ட அனுபவம்

மகள் ஏஎல் பயோ, இந்த வகுப்புக்கு விட்டு எட்டு மாசமாச்சு. வழமையா கேட்டடியில இறக்கிப்போட்டு வந்திருவன், கார்த்திகையில ஒரு சனிக்கிழமை மழை அடிச்சு ஊத்தி ஸ்கூட்டியை எடுக்க ஏலாமப் போச்சு, சேர்தான் "உள்ளுக்கு வந்து இருங்கோம்மா" எண்டு கடைசி வாங்கில இருத்தினவர்.

அண்டைக்குப் பிரசாரணம், அதாவது உப்புக் குறைஞ்ச பக்கத்தில இருந்து கூடின பக்கத்துக்கு மென்சவ்வுக்குள்ளால தண்ணி போறது. யன்னலைக் காட்டி, "இந்த மழை நிலாவெளி உப்பளத்தில விழேக்க அங்க இருக்கிற பற்றீரியாவுக்கு என்ன நடக்கும்?" எண்டு கேட்டார். உப்புக்குப் பழகின கலத்தைச் சுத்தித் திடீரெண்டு நல்ல தண்ணி, அது உள்ளுக்குப் பாய கலம் வீங்கி அதைச் சுத்தியிருக்கிற மென்சவ்வு இழுபட்டு, விட்டா வெடிச்சிரும். அப்பிடி வெடிக்காம இருக்கத்தான் மென்சவ்வில கால்வாய்ப் புரதங்கள் இருக்குதாம். ஈ கோலை எண்ட குடல் பற்றீரியாவில முக்கியமா ரெண்டு, எம்எஸ்சிஎஸ், எம்எஸ்சிஎல். முதலாவது ஏழு துண்டு சேர்ந்தது, குறைஞ்ச இழுவைக்கே திறக்கும். மற்றது அஞ்சு துண்டு, மென்சவ்வு கிழியக் கிட்டப் போனாத்தான் திறக்கும்.

எப்பிடித் திறக்குது எண்டு காட்டினதுதான் எனக்கு மறக்கேலாது. அஞ்சு பிள்ளையளை நெருக்கி வட்டமா நிறுத்தி, ஒவ்வொருத்தற்ற இடுப்பிலயும் சால்வை கட்டி, வெளியில நிண்டவையை மெல்ல இழுக்கச் சொன்னார். இழுக்க இழுக்க அஞ்சு பேரும் சரிஞ்சு விலக நடுவில ஓட்டை விழுந்திட்டுது! எம்எஸ்சிஎல்லும் இப்பிடித்தான், புரதத்தின்ட சுருள்கள் சரிஞ்சு கிட்டத்தட்ட 3 நானோமீற்றர் அகலத்துக்குத் திறக்க கலத்துக்குள்ள கரைஞ்சிருக்கிற பொட்டாசியம், குளுட்டமேற்று எல்லாம் வெளியில போகும், இழுவை குறைய மூடிரும். புரதத்தைத் தனியப் பிரிச்சு வெறும் கொழுப்புப் படலத்தில வைச்சாலும் திறக்குமாம், அப்ப படலத்தின்ட இழுவையே போதும் எண்டுதானே. ரெண்டு கால்வாயையும் எடுத்துவிட்ட பற்றீரியா திடீர் நல்ல தண்ணியில கூடுதலாச் செத்துப்போகுதெண்டு 1999ல ஸ்கொட்லாந்தில அபர்டீன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் காட்டினவையாம்.

நான் ஓஎல்லோட நிப்பாட்டினனான், எனக்கே விளங்கிச்சு. மகள் வீட்ட வந்து தம்பிக்குச் சொல்லிக் குடுத்தவ, பாடமாக்கின பிள்ளைக்கு அப்பிடிச் சொல்ல வராது.

குறையும் சொல்லோணும். அறுபது பிள்ளையளுக்கு ரெண்டே ரெண்டு ஃபேன், வேர்த்துக் கொட்டுது. அரை மணித்தியாலம் பிந்தித்தான் விடுறவர், பொம்பிளைப் பிள்ளையள் இருட்டில பஸ்ஸுக்கு நிக்குதுகள், அதை அவர் கட்டாயம் பார்க்கோணும். மாரியில வாசல்ல முழங்கால் தண்ணி நிக்கும், செருப்பைக் கையில எடுத்துக்கொண்டு போங்கோ.