கடல் தண்ணீரா, உப்புக் கலவையா?

500 லிட்டரில் பவளத் தொட்டி, அதாவது உயிருள்ள பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி, வைக்கப் போகிறீர்கள், வீடு சென்னையில், கடல் பக்கத்திலேயே இருக்கிறது. அப்போ கேனைத் தூக்கிக்கொண்டு போய் மொண்டு வந்தால் போதாதா என்று தோன்றும். தண்ணீர் இலவசம்தான், சுண்ணாம்புச்சத்து, மக்னீசியம் எல்லாம் இயல்பான அளவில் இருக்கும், அதை மறுக்கவில்லை.

ஆனால் வடகிழக்குப் பருவமழைக்கு அப்புறம் ஆற்று நீரெல்லாம் கலந்து, கரையோரம் உப்பு லிட்டருக்கு 30 கிராமுக்கும் கீழே இறங்குவது உண்டு. பவளத்துக்கு வேண்டியது 35. கூவம், அடையாறு முகத்துவாரப் பக்கம் எடுப்பதை நினைத்தே பார்க்காதீர்கள். தூரத்தில் எடுத்தாலும் அதில் உள்ள நுண்ணுயிர்கள் தேங்கிய நீரில் செத்து அம்மோனியா கிளம்பும், வடிகட்டி, காற்று ஓட விட்டு, சோதித்த பிறகே ஊற்ற வேண்டும். வாராவாரம் மாற்றும் 50 லிட்டரே 50 கிலோவுக்கு மேல், மாடிக்குத் தூக்குவது யார்?

நல்ல தண்ணீரில் கரைத்துக் கடல் நீர் போலாக்கும் உப்புக் கலவைக்குச் செலவு அதிகம். தொட்டியை நிரப்பவே சுமார் 18 கிலோ, அப்புறம் வாரம் 10 சதவீதம் மாற்ற இன்னொரு 2 கிலோ. ஆர்.ஓ. நீரையும் மிச்ச உப்புகளை நீக்கும் டி.ஐ. பிசினில் ஓட்டி, டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள பொருட்களின் அளவு) பூஜ்யம் காட்டினால்தான் கலக்கலாம், இல்லையென்றால் பாசி மண்டிவிடும். ஆனால் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் எல்லா வாரமும் ஒப்படர்த்தி அதே 1.026, அதாவது அந்த 35 கிராம்தான். அந்த நிலைத்தன்மைக்காகவே நான் கலவை பக்கம்.

ஒன்று மறக்காதீர்கள், கல் பவளங்கள் இந்தியாவில் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. கடலிலிருந்து தண்ணீர் எடுத்தாலும் பவளத்தை எடுக்கக் கூடாது.