வெள்ளைக் கொட்டை ஆப்ரிகாட்டுக்கு நாலரை நட்சத்திரம், பாட்டில் மூடிக்குப் பூஜ்யம்

லடாக்கின் லே நகரக் கடைத்தெருவில் 'ரக்சே கர்போ' என்று சீட்டு ஒட்டிய உலர் ஆப்ரிகாட் பாக்கெட் ஒன்று வாங்கினேன். விடுதி அறையில் உட்கார்ந்து பத்துப் பழம் தின்று பார்த்ததில் மூன்றுக்குத்தான் வெள்ளைக் கொட்டை. மீதி ஏழும் பழுப்பு. லடாக்கி மொழியில் ரக்சே என்றால் கொட்டை, கர்போ என்றால் வெள்ளை. பேரிலேயே இருக்கிற ஒன்றில் ஏமாற்ற தனித் துணிச்சல் வேண்டும். இந்த ரகத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. லடாக்குக்கு அதுதான் முதல் குறியீடு. ஆனால் குறியீடு வந்து ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்துப் பார்க்கவா போகிறது?

கடுப்பில் மறுநாள் கீழ் லடாக்கில் இருக்கிற ஷாம் பக்கம் போகிற வண்டியில் ஏறிவிட்டேன். கல்சே என்ற ஊரைத் தாண்டி ஒரு பக்கப் பள்ளத்தாக்கில், தோட்டத்து வீட்டிலேயே சரக்கு விற்கிற ஒரு குடும்பத்தைப் பற்றித்தான் இந்த விமர்சனம். பெயர்ப்பலகை கிடையாது. மண் கூரை முழுக்க ஆரஞ்சு நிறத்தில் பழம் காய்கிறதா, அதுதான் கடை.

ஆப்ரிகாட்டை அங்கே சூலி என்கிறார்கள். தமிழ்க் காதுக்கு முதலில் தூக்கிவாரிப் போட்டது. யோசித்தால், வயிற்றுக்குள் கொட்டையைச் சுமக்கிற பழத்துக்கு அதைவிடப் பொருத்தமான பேர் இல்லை.

விற்பது ஒரு பாட்டி. 'அபிலே' என்று கூப்பிட வேண்டும். பேரன் இந்தியில் மொழிபெயர்த்தான். என்னை 'ஆச்சே' என்றான், அக்கா என்று அர்த்தமாம். லேயில் வாங்கிய பாக்கெட்டை நீட்டினேன். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. தன் கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து விரலால் பிளந்தார். கொட்டை நன்றாகத் தேய்த்த தந்தம் மாதிரி இருந்தது. அதைத் தட்டைக் கல்லில் வைத்து இன்னொரு கல்லால் ஒரே தட்டு. ஓடு மட்டும் இரண்டாகப் பிரிந்து பருப்பு முழுசாக வந்தது. (எனக்கு மூன்று தடவையும் பருப்பு கூழ்தான்.) மென்று பார்த்தால் பாதாம் போல இனிப்பு. அப்புறம் குறும்பாக வேறு கொட்டை ஒன்றை உடைத்துக் கொடுத்தார். அது கசப்பு, நாக்கைச் சுருட்டியது. துப்பிவிடு என்று சைகை காட்டிச் சிரித்தார். விளையாட்டுக்குக்கூட அதை விழுங்கக் கூடாது. கசப்புப் பருப்பில் அமிக்டலின் இருக்கிறது, உடம்புக்குள் போனால் சயனைடாக மாறும்.

சரி, சரக்குக்கு வருகிறேன். உலர்ந்த ரக்சே கர்போ அரைக் கிலோ 450 ரூபாய். பழத்தின் நிறம் கருப்பட்டி. பெரிய கடைகளில் பளபளவென்று ஆரஞ்சாக இருப்பது கந்தக டை ஆக்சைடு காட்டிய பழம். அது காட்டாவிட்டால் ஆப்ரிகாட் காய்ந்த இலை மாதிரி கறுத்துத்தான் போகும். அழகு பார்த்து வாங்குகிறவர்கள் இங்கேயே நின்றுவிடலாம். தோல் சுருங்கி, விரலில் லேசாக ஒட்டுகிறது. முதல் கடியில் புளிப்பே தெரியவில்லை. மென்று முடிக்கிற நேரத்தில்தான் அடித்தொண்டையில் ஒரு சிட்டிகை. ஹல்மான் ரகத்திலும் கால் கிலோ வாங்கினேன். பழம் பெரிசு, என் நாக்குக்குப் புளிப்பு கொஞ்சம் தூக்கல், ஊற வைத்துச் சமைக்க அதுதான் தேவலை. ஒரு எச்சரிக்கை: ஆப்ரிகாட்டில் சார்பிடால் என்ற சர்க்கரை வகை உண்டு. ஒரே உட்காரலில் இருபது தின்றேன். மறுநாள் காலை எப்படிப் போனது என்று எழுதப் போவதில்லை.

இந்த வீட்டுக்கு நான் அரை நட்சத்திரம் அதிகமாகக் கொடுப்பதற்குக் காரணம் பழம் இல்லை, மரம். லடாக்கில் ஆப்ரிகாட் மரங்கள் பெரும்பாலும் கொட்டையிலிருந்து தானாக முளைத்தவை. மாங்கொட்டை கதைதான்: ஊன்றுவது ஒன்று, வருவது வேறொன்று. அதனால் தோட்டத்துக்குத் தோட்டம், மரத்துக்கு மரம் சுவை மாறுகிறது. வெள்ளைக் கொட்டை மரம் அதே குணத்தோடு வேண்டுமென்றால் ஒட்டுக் கட்டியே ஆக வேண்டும். பேரன் செய்து காட்டினான். கசப்பு விதையில் முளைத்த, விரல் தடிமனான கன்று. பட்டையில் கத்தியால் ஒரு 'டி' கீறல். தாய்மரக் கிளையிலிருந்து ஒற்றை மொட்டைப் பட்டையோடு சீவி, நகத்தால் பட்டையை நெம்பி உள்ளே செருகி, பிளாஸ்டிக் பட்டையால் சுற்றினான். மொட்டு மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷமும் அவன் மூச்சு விட்ட மாதிரி தெரியவில்லை.

வாய்க்கால் ஓரத்தில் ஒரு கிழட்டுக் கசப்பு மரம் நிற்கிறது. அதை வெட்டிவிட்டு ரக்சே கர்போ வைக்கலாம் என்பது பேரன் கட்சி. விலை போகிறது, அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. பாட்டி விடுவதாயில்லை. அது மற்ற மரங்களுக்குச் சில நாள் பிந்திப் பூக்குமாம். ஒரு வருஷம் ஏப்ரல் உறைபனியில் தோட்டத்துப் பூவெல்லாம் கருகிப்போக, அந்த மரம் மட்டும் காய்த்ததாம். ஆப்ரிகாட் அவசரக்காரி, குளிர் விலகுவதற்குள் பூத்துவிடும். அதில் நிதானமாகப் பூக்கிற ஒரு மரம் கிடைத்தால் அதை விறகாக்குவது எனக்கும் சரியாகப் படவில்லை. நான் பாட்டி கட்சி.

அந்தக் கசப்புப் பருப்பில்தான் எண்ணெய் எடுக்கிறார்கள். பருப்பை இடித்து, வெந்நீர் தெளித்துத் தெளித்துக் கல் குழியில் கையால் பிசைந்துகொண்டே இருந்தால் திடீரென்று ஓரத்தில் எண்ணெய் கசிகிறது. அங்கே விளக்குக்கும், தலைக்கும், மூட்டு வலிக்கும் அதுதான். 100 மில்லி 350 ரூபாய். வெடித்த குதிகாலில் தடவினேன், நாலு நாளில் வித்தியாசம் தெரிந்தது. சமையலுக்கு எடுக்காதீர்கள்.

குறைகளும் உண்டு. கூரையில் காய்ந்த பழத்தில் மண் நறநறக்கிறது, கழுவித்தான் தின்ன வேண்டும். சூரிய உலர்த்திக் கூண்டில் வலை போட்டுக் காய வைத்ததும் அவர்களிடம் இருக்கிறது. கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள், கேளுங்கள். போனில் பணம் அனுப்ப சிக்னல் வரவில்லை, ரொக்கமாகக் கொண்டு போங்கள். காய வைக்காத பச்சைப் பழம் ஒரு கிலோ ஆசைப்பட்டு வாங்கினேன். லே வந்து சேர்வதற்குள் பை அடியில் ஜாம் ஆகிவிட்டது. இதே லடாக்கிலிருந்து 2021இல் துபாய்க்குப் பச்சைப் பழம் அனுப்பியிருக்கிறார்கள், எப்படிக் கட்டினார்களோ!

ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை போனால் மரத்திலேயே பறித்துத் தின்னலாம். பழம் நாலரை, ஹல்மான் நாலு, எண்ணெய் நாலு. எண்ணெய் பாட்டில் மூடிக்கு ஒன்றும் கிடையாது. பாதி எண்ணெயைக் குடித்தது என் ஸ்வெட்டர்.