லைனா, சர்வரா, கிளைக் கணினியா: எஸ்எஸ் கருவி பற்றிய மதிப்புரை

லினக்ஸ் சர்வரின் டிசிபி இணைப்புகளை, அதாவது இரு கணினிகள் தரவைத் தவறாமல் பரிமாறிக்கொள்ளும் இணைப்புகளை, கண்காணிக்க மாதச் சந்தா கட்டிப் பெறும் சேவைகள் பல இருக்கையில், சர்வரோடு கூடவே வந்துவிடும் எஸ்எஸ் என்ற சிறிய கட்டளையைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. பாளையங்கோட்டையில் தலைமைக் கடை வைத்திருக்கும் ஓர் அரிசி மொத்த வியாபாரிக்கு நான் பில்லிங் சர்வரைப் பராமரித்து வருகிறேன்; இந்த வேலையில் இதைப்போல உதவிய கருவி எனக்கு வேறொன்று வாய்க்கவில்லை. சர்வர் மும்பையில் வாடகைக்கு எடுத்தது. அம்பாசமுத்திரம், வள்ளியூர், திசையன்விளைக் கிளைகள் நாள் முழுவதும் அதனோடு இணைந்தே இருக்கின்றன. கிளையிலிருந்து வரும் புகார் மட்டும் எப்போதும் ஒரே வடிவத்தில்தான் வரும்: “அண்ணாச்சி, பில்லு சுத்திக்கிட்டே கெடக்கு, ஆளுவ நிக்காவ.” அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் லைன் கோளாறு இருக்கலாம், சர்வர் நிரல் திணறலாம், கிளைக் கணினியே மெதுவாக இருக்கலாம். இம்மூன்றையும் ஊகமின்றிப் பிரித்துக் காட்டுவதற்குத்தான் எஸ்எஸ்ஸை முதலில் திறக்க வேண்டும் என்கிறேன்.

லினக்ஸின் நெட்வொர்க் கருவிகள் அடங்கிய ஐபிரூட்2 தொகுப்பின் ஒரு பகுதி இது. பழைய நெட்ஸ்டாட் கட்டளை இணைப்புப் பட்டியலை, லினக்ஸ் தன் நிலையைக் காட்டும் ப்ராக் கோப்புகளில் வரிவரியாகப் படித்துத் தரும். எஸ்எஸ் நெட்லிங்க் என்ற தொடர்பு வழியில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடமே நேரடியாகக் கேட்டு வாங்குகிறது. ஆகவே பல்லாயிரம் இணைப்புகள் உள்ள சர்வரிலும் விரைவாகப் பதில் வரும். வேகத்தைவிட முக்கியமானது இன்னொன்று: ஒவ்வொரு இணைப்பையும் பற்றிக் கெர்னல் தனக்காக வைத்திருக்கும் கணக்கை அப்படியே எடுத்துக் காட்டுவது. கட்டளையோடு டி, ஐ, என் என்னும் மூன்று எழுத்துகளைச் சேர்த்தால் போதும்; ஒவ்வொரு டிசிபி இணைப்புக்கும் கீழே எண்களும் சுருக்கப் பெயர்களும் நிறைந்த ஒரு நீண்ட வரி வரும். முதன்முறை பார்ப்பவருக்கு அந்த வரி மிரட்டலாக இருக்கும். அதில் நான்கைந்து எண்களைப் படிக்கத் தெரிந்தாலே அன்றாட வேலை நடந்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது ஆர்டிடி, அதாவது ஒரு பாக்கெட் (தரவின் சிறு துண்டு) போய் அதற்கான ஒப்புகை (வந்து சேர்ந்தது என்ற பதில்) திரும்பி வருவதற்கு ஆகும் நேரம். சாய்கோட்டின் இருபுறமும் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது சீராக்கிய சராசரி, இரண்டாவது அந்தச் சராசரியிலிருந்து அளவுகள் விலகும் அளவு, இரண்டும் மில்லிநொடியில். கண்ணாடி இழையில் ஒளி 1,000 கி.மீ. போக ஏறத்தாழ 5 மில்லிநொடி ஆகும். திருநெல்வேலிக்கும் மும்பைக்கும் நேர்க்கோட்டிலேயே 1,200 கி.மீ.க்கு மேல் இருப்பதால், எவ்வளவு நல்ல லைன் வாங்கினாலும் போய்வர 12 மில்லிநொடிக்குக் கீழே இறங்காது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் “நெட் வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடும்” என்று விற்க வருபவரிடம் எதைக் கேட்பது என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டாவது எண்ணைப் பலர் கவனிப்பதில்லை; என் கருத்தில் முதல் எண்ணைவிட அதுவே அதிகம் பேசுகிறது. 1986இல் கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையில், சில நூறு கெஜத் தொலைவே இருந்த இணைப்பில், நொடிக்கு 32 கிலோபிட் சென்றுகொண்டிருந்த வேகம் நெரிசலால் 40 பிட்டாக விழுந்தது. அதன் காரணத்தை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட கட்டுரையில்தான், சராசரியோடு விலகலையும் அளந்து, எவ்வளவு நேரம் காத்திருந்து பாக்கெட்டை மறுபடி அனுப்புவது என்று தீர்மானிக்கும் முறை வந்தது. இன்றும் லினக்ஸ் அந்த வழியிலேயே கணக்கிடுகிறது. எஸ்எஸ் காட்டும் இரட்டை எண் அதன் நேர் வாரிசு. சராசரி 60 ஆக இருந்தும் விலகல் 40 ஆக ஏறியிருந்தால் வழியில் எங்கோ பாக்கெட்டுகள் வரிசையில் காத்துக் கிடக்கின்றன என்று பொருள். திசையன்விளைக் கிளையில் மொபைல் சிம் போட்ட ரூட்டர் இருந்த காலத்தில் மாலை நேரங்களில் இப்படித்தான் தெரியும். பதில் வரும் நேரத்தைச் சோதிக்கும் பிங் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே காட்டும். பில் அனுப்பும் அதே இணைப்பின் கணக்கைப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது.

அடுத்து ரீட்ரான்ஸ். இதிலும் இரண்டு எண்கள்: மறுபடி அனுப்பிவிட்டு இன்னும் ஒப்புகைக்குக் காத்திருப்பவை எத்தனை, இணைப்புத் தொடங்கியது முதல் மொத்தம் எத்தனை. சர்வர் அனுப்பிய மொத்தப் பாக்கெட்டுகளின் எண்ணிக்கையும் அதே வரியில் இருப்பதால் விகிதத்தை உடனே போட்டுப் பார்க்கலாம். திசையன்விளை இணைப்பில் இந்த எண் ஏறிக்கொண்டே போனதையும், அதே சர்வரிலிருந்து வள்ளியூருக்குப் போகும் இணைப்பில் அது எழும்பவே இல்லை என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான், “உங்கள் சர்வரைப் பாருங்கள்” என்று சொல்லிவந்த இணையச் சேவையாளர் கடைக்கு ஆள் அனுப்பினார்.

சிடபிள்யுஎன்டி என்று காட்டும் நெரிசல் சாளரம், ஒப்புகை வராமலே எத்தனை பாக்கெட்டுகளை வெளியே விடலாம் என்று அனுப்புபவர் வைத்திருக்கும் அளவு. லினக்ஸில் 2011 முதல் இது 10இல் தொடங்குகிறது. கன்னடியன் கால்வாயில் மடையைக் கொஞ்சம் திறந்து, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததை அறிந்த பிறகு மேலும் திறப்பதைப் போல, ஒப்புகைகள் வரவர இந்தச் சாளரம் பெருகும். பாக்கெட் இழப்பு தெரிந்தால் சுருங்கும். நெடுநேரம் ஓடிய இணைப்பில் இது மிகச் சிறிய எண்ணாகவே கிடந்து, ரீட்ரான்ஸும் உயர்ந்திருந்தால் லைனைச் சந்தேகிக்கலாம்.

எல்லாவற்றையும்விட நான் உயர்த்திச் சொல்ல விரும்புவது பிஸி, ஆர்விண்டு லிமிட்டட், சென்ட்பஃப் லிமிட்டட் என்ற மூன்று புலங்களை. லினக்ஸ் 4.10 முதல் கெர்னல் இந்தக் கணக்கை வைத்திருக்கிறது. அனுப்ப வேண்டிய தரவு கையில் இருந்த மொத்த நேரம் பிஸி. அதில் எதிர்முனை “இனி வாங்க இடமில்லை” என்று சொன்னதால் நின்ற நேரம் ஆர்விண்டு லிமிட்டட். சர்வர் அனுப்பும் தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் அதன் சொந்த இடையகம் போதாமல் நின்ற நேரம் சென்ட்பஃப் லிமிட்டட். பின்னிரண்டும் சதவீதத்தோடு வரும். அம்பாசமுத்திரத்தில் இரவு இருப்புக் கணக்கு இறங்க வெகுநேரம் ஆகிறது என்ற புகாரை இது ஒரே பார்வையில் தீர்த்தது: ஆர்டிடி சீராக இருந்தது, ரீட்ரான்ஸ் இல்லை, பிஸி நேரத்தில் பாதிக்கு மேல் ஆர்விண்டு லிமிட்டட். அதாவது மும்பையிலிருந்து தரவு தயாராக நிற்கிறது, லைனும் கொண்டுபோகத் தயார், ஆனால் வாங்கும் கணினி வாங்கவில்லை. அங்கிருந்த பழைய கணினியின் வன்தட்டை மாற்றியதும் புகார் நின்றது. லைனை மாற்றியிருந்தால் பணம்தான் போயிருக்கும்.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது ஆப் லிமிட்டட் என்ற குறி. அது தெரிந்தால், பக்கத்தில் இருக்கும் அனுப்பு வேகம் லைனின் திறனைக் குறிப்பதில்லை; நிரல் கொடுத்த தரவே அவ்வளவுதான். இதைக் கவனியாமல் அந்த எண்ணை லைனின் வேகமாக எடுத்துக்கொள்வது வீண் சண்டைக்கு வழி.

காலையில் எல்லாக் கிளைகளும் ஒரே நேரத்தில் கடை திறக்கும்போது வரும் தாமதத்துக்கு வேறு இடத்தில் பார்க்க வேண்டும். புதிய இணைப்புக்குக் காத்திருக்கும் நிலையிலுள்ள சாக்கெட்டுகளை (இணைப்பு முனைகளை) மட்டும் பட்டியலிட எல் என்ற எழுத்தைச் சேர்க்க வேண்டும். அப்போது ரெசீவ் கியூ என்ற பத்தி, இணைப்பைத் தொடங்கும் கைகுலுக்கல் முடிந்தும் நிரல் இன்னும் எடுத்துக்கொள்ளாத இணைப்புகளின் எண்ணிக்கையையும், சென்ட் கியூ அந்த வரிசையின் உச்ச வரம்பையும் காட்டும். சாதாரண இணைப்புகளில் இதே பத்திகளுக்குப் பொருள் வேறு என்பதை நினைவில் வைக்க வேண்டும். முதல் எண் இரண்டாவதைத் தாண்டினால் புதிதாக வருபவை கைவிடப்படும். வந்தவர் 1 நொடி, பிறகு 2 நொடி, பிறகு 4 நொடி என்று காத்திருந்து மறுபடி தட்டுவார். பில் திரை 1 நொடி அல்லது 3 நொடி என்று குறிப்பிட்ட அளவில் நின்றுவிட்டுத் திறக்கிறதென்றால் இதை நினைக்க வேண்டும். இந்த வரம்பின் மேல்மட்டமான சோமேக்ஸ்கான் கெர்னல் 5.4இல்தான் 128இலிருந்து 4096க்கு உயர்ந்தது. பழைய சர்வர்களில் இன்னும் சிறிய எண்ணே இருக்கும். கைவிடப்பட்டவற்றின் மொத்தக் கணக்கை எஸ்எஸ் சொல்லாது. அதே தொகுப்பிலுள்ள என்ஸ்டாட் சொல்லும்.

குறைகளுக்கு வருகிறேன். எஸ்எஸ் அந்தக் கணத்தின் நிலையை மட்டுமே காட்டுகிறது, நேற்று மாலை என்ன நடந்தது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் மூலம் நிமிடத்துக்கு ஒருமுறை கோப்பில் எழுதிவைப்பதே என் வழி. அதற்கும் இடையில் பிறந்து மறையும் குறுகிய இணைப்புகள் தப்பிவிடும். அவற்றைப் பிடிக்க, கெர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்டும் இபிபிஎஃப் அடிப்படையிலான டிசிபிலைஃப், டிசிபிரீட்ரான்ஸ் போன்ற கருவிகள் உண்டு, ரூட் அனுமதியும் போதிய அளவு புதிய கெர்னலும் அவற்றுக்கு வேண்டும். கையேட்டுப் பக்கம் மிகவும் சிக்கனமாக எழுதப்பட்டிருக்கிறது. புதிதாக வரும் பிள்ளைகள் அதைப் படித்து இந்தப் புலங்களைப் புரிந்துகொள்வது கடினம் என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. வரிகள் மடிந்து வருவதால் கிரெப் போட்டுத் தேடவும் தொல்லை. புதிய பதிப்புகளில் பெரிய ஓ எழுத்தைச் சேர்த்தால் ஓர் இணைப்புக்கு ஒரு வரி என்று வரும்.

மறுபுறம், பாக்கெட்டுகளையே பிடித்துப் பார்க்கும் டிசிபிடம்ப் போல வாடிக்கையாளரின் தரவை இது தொடுவதில்லை. பெயரும் தொகையும் கடனும் ஓடும் வியாபாரச் சர்வரில் பாக்கெட்டுகளைப் பிடித்துக் கோப்பாக வைக்காமலே நோயைக் கண்டறிய முடிகிறது என்பதை நான் பெரிய தகுதியாகவே கருதுகிறேன்.

கடைசியாக இதன் வரம்பு ஒன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ரீட்ரான்ஸ் எண் இந்தச் சர்வர் மறுபடி அனுப்பியதை மட்டுமே எண்ணுகிறது. கிளையிலிருந்து சர்வருக்கு ஏறும் வழியில் பாக்கெட்டுகள் தொலைந்தால், மறுபடி அனுப்புவது கிளைக் கணினி; அந்தக் கணக்கும் அங்கேதான் இருக்கும். எங்கள் கிளைகளில் விண்டோஸ் கணினிகள் என்பதால் அங்கே எஸ்எஸ் ஓடாது. அதனால் திசையன்விளையில் ஒரு சிறிய லினக்ஸ் பெட்டியை வைத்து, பில்லிங் இணைப்பை அதன் ப்ராக்ஸி (இடையில் நின்று இணைப்பை வாங்கிக் கடத்தும் நிரல்) வழியாகவே மும்பைக்குப் போகவிட்டிருக்கிறோம். புகார் வந்தால் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் எஸ்எஸ் ஓட்டி, இறங்கும் வழியையும் ஏறும் வழியையும் தனித்தனியாகப் பார்க்கிறோம்.