பேசர்: தேடினாலே காசு

அமெரிக்க ஃபெடரல் நீதிமன்ற வழக்குக் கோப்புகளைப் படிக்க அரசே நடத்தும் தளம் பேசர். பக்கத்துக்கு 10 சென்ட், பெரும்பாலான ஆவணங்களுக்கு உச்சவரம்பு 3 டாலர், மூன்று மாதக் காலாண்டில் 30 டாலரைத் தாண்டாவிட்டால் பில்லே கிடையாது என்பதால் எப்போதாவது எட்டிப்பார்ப்பவருக்குக் கை கடிக்காது, தீர்ப்புகளும் இலவசம்தான். சரி, ஆனால் தேடலுக்கும் மீட்டர் ஓடுகிறது பாருங்கள், அதுதான் எரிச்சல். பெயரைத் தட்டி ஒன்றுமே சிக்காவிட்டாலும் ஒரு பக்கக் கணக்கு விழும். பொது ஆவணத்துக்கு இதென்ன கடை வியாபாரம்? முகப்பும் அரதப்பழசு.

அப்புறம், பேசரின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்ட 'ரீகேப்' என்ற இலவச பிரவுசர் நீட்சியை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். அதை வைத்திருக்கும் யாராவது ஏற்கெனவே வாங்கிய ஆவணம் என்றால் உங்களுக்குச் சும்மா கிடைக்கும்.

ஐந்துக்கு இரண்டரை.