ஐகான்வ்: எட்டு ஆண்டுப் பழக்கம்

குறியேற்றம், அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாகக் குறிக்கும் முறை, மாற்ற வேண்டிய வேலை வந்தால் எட்டு ஆண்டாக எனக்கு ஐகான்வ் (iconv) என்ற நிரல்தான். டெர்மினலில் கட்டளையாகவும், சி நிரலில் நூலகமாகவும். வேகத்தில் குறையே இல்லை. லினக்ஸில் கூடவே வருவது டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில் உள்ள கோப்புகளைக்கூட யூனிகோடாக்கித் தரும்.

எனக்கு மிகப் பிடித்தது அதன் கண்டிப்பு. மாற்ற முடியாத பைட்டு வந்தால் நின்றுவிடும். எங்கே நின்றது என்றும் சொல்லும். அதன் அருமை, நானே அதன் வாயை அடைத்த பிறகுதான் புரிந்தது.

மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான ஒற்றைப் பைட்டுக் குறியேற்றமான விண்டோஸ்-1252 என்று சொல்லி என்னிடம் சில கோப்புகள் வந்தன. ஓட்டினேன், முதல் வரியிலேயே நின்றது. அவசரத்தில் கட்டளையோடு மைனஸ் சி (-c) என்ற தெரிவைப் போட்டேன்: மாற்ற முடியாததை விட்டுவிட்டு மேலே போ என்று அதற்குப் பொருள். திறந்து பார்த்தால் பக்கம் முழுக்க ® குறி. உண்மையில் அவை யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் இருந்த தமிழ்க் கோப்புகள். அதில் தமிழ்க் குறி (எழுத்தோ, அதோடு சேரும் புள்ளி போன்றதோ) ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. உயிரெழுத்து, மெய் ஆகியவற்றின் மூன்று பைட்டில் நடுவில் உள்ளதை 1252 ஆகப் படித்தால் ® தான் வரும்.

திருப்பி மாற்றினால் சரியாகிவிடும் என்று நம்பினேன். ஆகவில்லை. 1252இல் ஐந்து இடங்கள் காலி, அந்தப் பைட்டுகளுக்கு எழுத்தே இல்லை. புள்ளி, உகரக் குறி, ஏ, ஐ ஆகியவற்றின் மூன்றாம் பைட்டு அந்தக் காலி இடங்களில்தான் விழுகிறது. மைனஸ் சி அவற்றையெல்லாம் எறிந்துவிட்டது. மிஞ்சிய இரண்டு பைட்டை மட்டும் வைத்து அது 'க்'கா 'கு'வா என்று எப்படிச் சொல்வது? மூலம் இல்லாத இரண்டு கோப்புகளைச் சொல் சொல்லாகப் படித்துத் திருத்தினேன். அந்த வலி இன்னும் போகவில்லை.

ஐஎஸ்ஓ-8859-1 என்ற இன்னொரு ஒற்றைப் பைட்டுக் குறியேற்றத்தைக் கொடுத்திருந்தால் நிற்காமல் ஓடியிருக்கும். அதில் 256 பைட்டுக்கும் இடம் உண்டு. வந்தது குப்பையாக இருந்தாலும் ஒரு பைட்டும் தொலைந்திருக்காது, மீட்டிருக்கலாம். ஆக, பிழை வராததை வைத்துக் குறியேற்றம் சரி என்று முடிவு கட்ட முடியாது. ஐகான்வ் எதையும் ஊகிக்காது. இப்போதெல்லாம் எந்தக் கோப்பையும் முதலில் யூடிஎஃப்-8இலிருந்து யூடிஎஃப்-8க்கே மாற்றிப் பார்க்கிறேன். தமிழ்க் கோப்பு ஒன்று அதில் தேறிவிட்டால் வேறு குறியேற்றமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

நூலகமாகப் பயன்படுத்துவோருக்கு ஒன்று. கோப்பை 4096 பைட்டுத் துண்டுகளாகப் படித்தால், ஒரு துண்டில் 1365 தமிழ்க் குறி போக ஒரு பைட்டு மிஞ்சும். அப்போது வரும் 'முழுமையற்ற உள்ளீடு' என்ற பிழை உண்மையில் பிழையே அல்ல. மிஞ்சியதை இடையகத்தின் (படித்ததைத் தற்காலிகமாக வைக்கும் நினைவக இடத்தின்) தொடக்கத்துக்கு நகர்த்தி, அதன் பின்னால் அடுத்த துண்டைப் படிக்க வேண்டும். சோதனைக்குச் சின்னக் கோப்பை மட்டும் கொடுத்தால் இது கண்ணில் படவே படாது.