‘முதியோருக்கான பாதுகாப்பான சமையலறை’ என்று சொல்லி முன்பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

வயது முதிர்ந்த என் தாயாருக்கு ஏற்றவாறு சமையலறையை மாற்றியமைத்துத் தருவதாக ஒப்புக்கொண்ட ஓர் இணையவழி வீட்டுச் சீரமைப்புத் தளம், பேசிய தொகையில் 70 விழுக்காட்டை முன்பணமாக வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் பொருத்தும் அதே மாடுலர் கிச்சனை எங்கள் தலையில் கட்டிவிட்டது. இத்தகைய வேலையை ஒப்படைக்கும் முன் கவனிக்க வேண்டியவற்றை முடிவில் எழுதுகிறேன்.

நாங்கள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. அளவெடுக்க வந்த வடிவமைப்பாளர் சுவரை அளப்பதற்கு முன்பே அம்மாவை நிற்கச் சொல்லி, தரையிலிருந்து அவருடைய முழங்கை வரை அளந்தார். மேடை அதற்குச் சற்றுக் கீழே இருந்தால்தான் தோள் வலிக்காது என்றார். வயதாக ஆகக் கண்மணி சுருங்கி விழிவில்லையும் மஞ்சளிப்பதால், 60 வயதில் விழித்திரையை அடையும் ஒளி 20 வயதில் அடைவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்றும், ஆகவே மேல் அலமாரிகளின் அடியிலும் விளக்குகள் வேண்டும் என்றும் விளக்கினார். தீ அணைந்தால் எரிவாயுவைத் தானாகவே அடைத்துவிடும் அடுப்பு, வழுக்காத தரை, உள்ளே குனிந்து தேட வேண்டியிராத இழுப்பறைகள், தடுமாறினால் பற்றிக்கொள்ளக் கைப்பிடிக் கம்பி என்று அவர் சொல்லச் சொல்ல, அம்மாவின் முகம் தெளிந்தது. அன்று மாலையே 70 விழுக்காட்டையும் செலுத்தினோம். அதன் பிறகு அந்த வடிவமைப்பாளர் எங்கள் கண்ணில் படவே இல்லை.

வேலை முடிந்தபோது மேடை வழக்கமான உயரத்தில்தான் இருந்தது. தரையில் பதித்திருந்த பளபளப்பான டைல்ஸ் நீர் பட்டால் வழுக்குவதோடு, விளக்கொளியைத் திருப்பி வீசிக் கண்ணையும் கூச வைத்தது. அடுப்பில் அந்தப் பாதுகாப்பு அமைப்பே இல்லை. எல்லாவற்றிலும் கொடியது அந்தக் கம்பி. முதியவர் தடுமாறும் நொடியில் உடல் எடை முழுவதும் அதன் மீது இறங்கும் என்பதால், கைப்பிடிக் கம்பி 250 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 113 கிலோ விசையைத் தாங்க வேண்டும் என்று, மாற்றுத்திறனாளிகள் கட்டடங்களை எளிதாகப் பயன்படுத்துவதற்கென வகுக்கப்பட்ட அமெரிக்க அணுகல் தரவிதிகள் சொல்கின்றன. இவர்களோ சுவரில் பொருத்தாமல், அலமாரியின் பக்கப் பலகையில் சிறு திருகுகளால் முடுக்கிச் சென்றிருந்தார்கள். நான் ஒரு கையால் இழுத்ததும் அது பெயர்ந்து வந்துவிட்டது. கம்பியே இல்லாதிருந்தால் அம்மா அதை நம்பிச் சாய மாட்டார். சாய்ந்திருந்தால் இடுப்பெலும்பு என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

தளத்தை அழைத்தால் ஒப்பந்ததாரரைக் கேளுங்கள் என்றார்கள். ஒப்பந்ததாரரோ தளம் கொடுத்த வரைபடத்தின்படியே செய்ததாகச் சொன்னார். ‘உங்கள் புகார் பதிவாகியுள்ளது’ என்று வந்த செய்தியைத் தொடர்ந்து, எவரும் வந்து பார்க்காமலேயே ‘தீர்க்கப்பட்டது’ என்று மற்றொன்று வந்தது. வயதானவர்கள் சமையலறையில் எவ்வளவு நேரம் நிற்கப்போகிறார்கள் என்று மேற்பார்வையாளர் ஒருவர் என்னிடமே கேட்டார். நாள் முழுவதும் அங்கே புழங்குபவர் என் தாய். வேலை முடிந்ததாகக் கணக்கில் ஏறிவிட்டதால் 70 விழுக்காட்டில் ஒரு சிறு பகுதியைக்கூடத் திருப்பித் தர இயலாதாம்.

வாய்மொழியாகச் சொல்வதையெல்லாம், அடுப்பின் மாதிரி எண் உட்பட, எழுத்தில் வாங்குங்கள். 70 விழுக்காடு முன்பணம் எவருக்கும் கொடுக்காதீர்கள். கம்பியைச் சுவரில்தான் பொருத்துகிறார்களா என்று கூடவே நின்று பாருங்கள். இதற்கு மேல் எழுத இப்போது மனம் ஓடவில்லை. மீதி 30 விழுக்காட்டை உடனே கட்டச் சொல்லிச் சற்று முன்புதான் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார்கள்.